டிரைவிங் ஸ்கூலில் ஒரு ரேஸ் ஷாஃப்ட்

எண்பத்தைந்தாம் வருஷம் பம்மலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஒரே ஆள்தான். ஞானஜோதி. வீட்டு வாசலில் 'ஜோதி டிரைவிங் ஸ்கூல்' என்று போர்டு தொங்கும். போர்டுக்குக் கீழே சாம்பல் நிற ஹெரால்டு கார் நிற்கும். பக்கத்தில் தகரம் போட்ட ஷெட்டில் அவள் புருஷன் ஏசுபாதம் யாருடைய வண்டிக்கு அடியிலாவது மல்லாந்து கிடப்பான். கால் மட்டும்தான் வெளியே தெரியும். எங்கள் தெருவில் அவனை முகத்தைவிடப் பாதத்தை வைத்து அடையாளம் கண்டவர்கள்தான் அதிகம்.

நான் எதிர் போர்ஷனில் குடியிருந்தேன். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் என்பதால் ஊரெல்லாம் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பேன். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

ஜோதியின் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் ஜீப் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பே மகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார். அவளிடம் நர்சுகள் வந்தார்கள், டீச்சர்கள் வந்தார்கள், தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மற்ற ஸ்கூல்களில் சொல்லிக்கொடுக்கிறவன் கத்துவான். ஜோதி கத்தமாட்டாள். தன் பக்கத்தில் ஏசுபாதம் பொருத்திக் கொடுத்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, "மெதுவா... கிளட்ச்ச மெதுவா வுடும்மா, அது இன்னா ஓடியா பூடப்போவுது" என்பாள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்புக்குள் ரேஸ் வந்து புகுந்தது.

ஏசுபாதத்துக்கு ஒரு கூட்டாளி உண்டு. குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஹனீஃபா பாய். இரண்டு பேரும் சேர்ந்தால் ஊர் உலகம் மறந்துபோகும். பிப்ரவரியில் சோழவரம் ரேஸில் இந்த ஹெரால்டையே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். என்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூட ஒரு தண்டு சுற்றுகிறது, அதற்குக் கேம் ஷாஃப்ட் என்று பெயர். அதில் முட்டை வடிவத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். அந்தப் புடைப்பைத் தேய்த்து உருவம் மாற்றினால் வால்வு கூடுதல் நேரம் திறந்து நிற்கும். வண்டி வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் மெதுவாகப் போகும்போது அதே என்ஜின் குளிர்காய்ச்சல் வந்தவன் போல நடுங்கும், சமயத்தில் நின்றும் போகும். இப்படி ஒரு ரேஸ் ஷாஃப்ட்டை ஹனீஃபா பாய் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தார். ஜோதியிடம் ஏசுபாதம் மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தான்.

"ரேஸ் முடிஞ்ச மறுநாளே பழைய ஷாஃப்ட்ட மாட்டிடறேன். நம்பு ஜோதி."

ஜோதி நம்பினாள். கழற்றிய பழைய ஷாஃப்ட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, யாரும் எடுத்துப் போய்விடாதபடி பீரோவில் தன் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

ரேஸில் ஏசுபாதம் மூன்றாவதாக வந்தான். அங்கேதான் வினை. மூன்றாவதாக வந்தவனுக்கு அந்த ஷாஃப்ட்டைக் கழற்ற மனசு வருமா? மார்ச் போனது, ஏப்ரல் வந்தது. "இதோ, அடுத்த ஞாயித்துக்கெயம" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜோதி கேட்கும்போதெல்லாம் அவனுக்கு அவசரமாக ஒரு வண்டிக்கு அடியில் வேலை வந்துவிடும்.

அதற்குள் ஜோதியிடம் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் படாத பாடு பட்டார்கள். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குதி குதித்து நிற்கும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி குதி. இது போதாது என்று சத்தம் வேறு. வால்வுக்கும் அதைத் தட்டுகிற ராக்கருக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி விட்டாக வேண்டும். சூட்டில் இரும்பு நீளும், நீள அதற்கு இடம் வேண்டும். பழைய ஷாஃப்ட்டுக்கு அந்த இடைவெளி, அளக்கிற தகடுகளில் பத்தாம் நம்பர் தகடு. ரேஸ் ஷாஃப்ட்டுக்குப் பதினெட்டு. அதனால் என்ஜின் தையல் மெஷின் போல லொடலொட என்று அடித்துக்கொண்டே இருந்தது.

பல்லாவரத்திலிருந்து வரும் சாவித்ரி டீச்சர் ஒருநாள் பாதிப் பாடத்தில் இறங்கிவிட்டார். "ஜோதி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த சவுண்டைக் கேட்டா எனக்கு கான்சென்ட்ரேஷனே வரலை. என்ஜின் ஏதாவது வெடிச்சிடாதே?"

ஜோதிக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் அந்த இரண்டு கால்களுக்கு முன்னால் நின்றாள்.

"யோவ். டீச்சர் பயந்துகினு எறங்கிப் போறாங்க. இந்தச் சத்தமாவது நிக்குமா நிக்காதா?"

"சத்தம்தானே? அது இன்னா பெரிய விசியம்" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

சத்தத்தை மட்டும் நிறுத்தினால் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று அவன் கணக்குப் போட்டான். மறுநாள் காலையில் வால்வு மூடியைத் திறந்து, இடைவெளியை நெருக்கி நெருக்கி வைத்து, லொடலொடப்பை அமுக்கிவிட்டான். இதே ஏசுபாதம் ஊரில் யார் வந்து "டேப்பட் சத்தத்தைக் கொறையேன்பா" என்று கேட்டாலும், "கேப்ப மூடினா வால்வு வெந்துபூடும் சார், சத்தம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும்" என்று அரைமணி நேரம் புத்தி சொல்லி அனுப்புகிறவன். தன் வண்டி என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சத்தம் நின்றது வாஸ்தவம். ஆனால் வால்வு முன்னைவிட இன்னும் கூடுதல் நேரம் திறந்து நின்றது. நடுக்கம் இரண்டு மடங்காயிற்று.

இதில் சிக்கியவள் மெஹர் பானு. ஹனீஃபா பாயின் மனைவி. பட்டறை வேனைத் தானே ஓட்ட வேண்டும், பாய் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ள வந்தவள். ஒருமுறை டெஸ்டில் பெயிலாகி, மறுபடி திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கியிருந்தாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மார்க்கெட் முனையில், காய்கறிக் கூடைகளுக்கும் ஐம்பத்திரண்டு நம்பர் பஸ்ஸுக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டது. எடுத்தாள், நின்றது. எடுத்தாள், நின்றது. பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வெண்டைக்காய் விற்றவன், "இன்னாமா, அடுப்படிய வுட்டு எதுக்கு வந்தே" என்றான். பானு சாவியை எடுத்து ஜோதி மடியில் போட்டுவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கினாள்.

"எனக்கு வராதுக்கா. நான் டெஸ்டுக்கு வரல. என்னை வுட்டுடுங்க."

"உன் மேல தப்பு இல்ல பானு. வண்டி மேல தப்பு."

"அத எல்லாரும்தான்க்கா சொல்லுவாங்க" என்று அழுதுகொண்டே நடந்து போய்விட்டாள்.

அன்று ஜோதி வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பாவனையில் இருந்தேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். போர்டு தொங்கிய கொக்கியில் கையை வைத்தாள். ஏசுபாதம் அவசரமாகக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். நெற்றி இடித்துக்கொண்டது.

"இன்னா ஜோதி பண்றே?"

"போர்ட எறக்கறேன். என்கிட்ட வந்த பொண்ணு நடு ரோட்ல அழுதுகினு போவுது. சொல்லிக்குடுக்கத் தெரியாதவளுக்குப் போர்டு எதுக்கு?"

"உனக்கா தெரியாது?"

"பின்ன யாருக்கு? வண்டி நல்லாத்தான் கீதுன்னு நீ சொல்றியே. அப்ப தப்பு எங்களுதுதானே?"

ஏசுபாதத்துக்கு அப்போதாவது வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். "ஓட்டற வெதத்துல ஓட்டினா சோக்கா போவும்" என்று சொல்லிவிட்டான்.

ஜோதி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கோபத்தில் அவள் முகம் சிவப்பதில்லை, அமைதியாகிவிடும். அதுதான் பயம்.

"நாளைக்குக் காலைல நீ ஓட்டு. நான் சொல்லிக்குடுக்கறேன்."

சனிக்கிழமை எனக்கு மதியம் ஷிஃப்ட். பின் சீட்டில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. "சார் சாட்சிக்கு வரட்டும்" என்றாள் ஜோதி. கல்குவாரிக்குப் போகிற மேட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள். டெஸ்டில் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும் என்பதால் அவள் பாடம் நடத்துவது அங்கேதான். வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது. தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து நாற்றக் காற்று வேறு. ஜல்லி லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"இங்க நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடு. இப்ப எடு."

ஏசுபாதம் ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினான். வண்டி உறுமியது.

"அதெல்லாம் கெடயாது. இது சோழவரம் இல்ல. என் பிள்ளைங்களுக்கு அவ்ளோ அழுத்தப் பயம். நான் சொல்லிக்குடுக்கிறாப்பல, கால லேசா வெச்சிகினு எடு."

காலை லேசாக வைத்தான். கிளட்சை விட்டான். ஒரு குதி. நின்றது.

"மறுபடி."

மறுபடியும் நின்றது. பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது தடவை வண்டி நின்றதோடு பின்னாலும் உருண்டது. ஜோதி தன் பிரேக்கை மிதித்தாள். ஏசுபாதத்தின் கழுத்தில் வேர்வை ஆறாக ஓடியது. லாரி கிளீனர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, புச்சா கத்துக்கிறியா? எல் போர்டு போட்டுகினு வா."

சோழவரத்தில் மூன்றாவதாக வந்தவன் மறுபடி சாவியைத் திருகினான். ஜோதி வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கிளீனருக்குப் பதில் சொன்னாள். "ஆமாப்பா, மொத நாளு. கொஞ்சம் பொறுத்துக்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டேன். நாலாவது தடவையும் வண்டி நின்றபோது ஏசுபாதம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு இதையா ஜோதி ஓட்டிகினு இருந்துச்சு? இத்தினி நாளா?"

"ஆமா."

"பஸ்ஸுக்கு முன்னால?"

"ஆமாய்யா."

"பாவம்" என்றான். "நீ எடு. வூட்டுக்குப் போலாம். பீரோ சாவி எங்க கீது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கிவிட்டது. ஹெரால்டில் ஒரு வசதி, முன்பக்கம் மொத்தமும் மூடி போலக் கவிழ்ந்து திறக்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஒரு டயரில் ஏசுபாதம், எதிர் டயரில் ஹனீஃபா பாய். சம்மனுக்கு வந்தவர் போலத்தான் பாய் வந்தார். வீட்டில் பானு இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"மச்சான், நம்ப ஷாஃப்ட்டுல ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார் பாய் மெல்ல.

"ஷாஃப்ட்டுல கொறை இல்ல பாய். வூட்டுல வெச்சிகினதுதான் கொறை."

மேல்பாகத்தைக் கழற்றித் தரையில் விரித்த சாக்கில் கவிழ்த்தார்கள். ஏசுபாதம் ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஓரம், எலி கடித்த பிஸ்கட் மாதிரி அரித்துப் போயிருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சமையல்கட்டுக்கே எடுத்துப் போய்விட்டான். ஜோதி காலா மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடம் வரைக்கும் போய் நின்றுகொண்டேன்.

"இத பாரு. சத்தம் கேக்கக்கூடாதுன்னு கேப்ப மூடினேன் இல்ல, வால்வு வெந்து கீது. நான்தான் சுட்டுட்டேன். உன் பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஜோதி புளிக்கையோடு அதை வாங்கிப் பார்த்தாள். "சரி, இதத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டு. கொழம்பு கொதிக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவன் போன பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனக்குள் சிரித்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தேன்.

புது வால்வுக்கு பேஸ்ட் தடவி, அது உட்காருகிற இடத்தில் உள்ளங்கையால் உருட்டி உருட்டித் தேய்க்கிற வேலையை ஹனீஃபா பாய் எடுத்துக்கொண்டார். பாவம் தீர்க்கிற மாதிரி தேய்த்தார். கல்யாணப் புடவையின் பக்கத்திலிருந்து பழைய ஷாஃப்ட் வந்தது, லேசாக நாப்தலின் வாசனையோடு. மத்தியானம் எல்லோரும் காலா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். பாய் மூன்று முறை குழம்பு ஊற்றிக்கொண்டார். கடல்காற்று வீசத் தொடங்கும்போது இடைவெளி வைக்கிற நேரம் வந்தது. ஜோதி கிராங்க் கம்பியைப் போட்டு என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். ஏசுபாதம் பத்தாம் நம்பர் தகட்டை ராக்கருக்குக் கீழே செருகி இழுத்துப் பார்த்துத் திருகினான். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்கி வர வேண்டும், தாராளமாகவும் வரக்கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் நெருக்கி வெச்சா சத்தமே இருக்காது மச்சான்" என்றார் பாய்.

"வாய மூடு பாய்."

அந்தி சாய ஸ்டார்ட் செய்தார்கள். வண்டி மெல்ல ஒரு 'டிக் டிக்' தவிர வேறு பேச்சில்லாமல் நின்று ஓடியது. ஜோதி பாயிடம், "பானுகிட்ட சொல்லுங்க. அவ வரலன்னா நான் போர்ட எறக்கறது நெசம்" என்று சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு ஜோதி, ஏசுபாதத்தோடு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சாவித்ரி டீச்சர் வந்திருந்தார். பானு வரவில்லை. டீச்சர் முதலில் ஏறி, சிரமமில்லாமல் எட்டு போட்டு, மேட்டிலும் எடுத்துப் பாஸாகிவிட்டார். ஜோதி அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானுவின் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் ஹனீஃபா பாயின் வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பாயோடு வந்த பானு இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராகப் போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். பழகிப் பார்க்க நேரமே இல்லை. டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் தோத்தாத்ரி பக்கத்தில் ஏறினார். சிரிக்கவே மாட்டார் என்று பேர் வாங்கியவர்.

எட்டு போட்டு முடித்தாள். மேட்டில் ஏறினாள். நடுவில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாள். அந்தச் சமயம் பார்த்து எங்கிருந்தோ ஓர் எருமை, பின்னால் இன்னோர் எருமை என்று சாவகாசமாகக் குறுக்கே நடக்க ஆரம்பித்தன. பானு காத்திருந்தாள். நாங்கள் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தோம். எருமைகள் போய்ச் சேர்ந்தன.

பானு சாவியைத் திருகினாள்.

கர்ர்ர் என்று பல்லைக் கூசவைக்கிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் அப்படித்தான் கத்தும். ஏசுபாதம் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். ஜோதியின் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, ஓடிண்டிருக்கற வண்டியை எதுக்கு ஸ்டார்ட் பண்றேள்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டது எங்கள் வரைக்கும் வந்தது.

பானு சாவியிலிருந்து கையை எடுத்தாள். "நின்னுபோச்சுன்னு நெனச்சேன் சார்."

"நின்னுடுத்தா?"

"இந்த வண்டி நடுங்கும் சார். சத்தம் போடும். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. அதான், நின்னுபோச்சுன்னு..."

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு, "ஓடறது. எடுங்கோ" என்றார். பானு கிளட்சை மெதுவாக விட்டாள். ஹெரால்டு ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல், தண்ணீர் குடத்தைத் தூக்குகிற பெண்ணைப் போல நிதானமாக மேட்டில் எழுந்தது. திரும்பி வந்து இறங்கியதும் அவர் ஜோதியிடம், "மேட்டுல நன்னா எடுத்தா. பாஸ். ஓடற வண்டிக்கும் நின்ன வண்டிக்கும் வித்தியாசம் மட்டும் சொல்லிக்கொடுத்துடுங்கோ" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லைதான். ஆனால் திரும்பிப் போகும்போது அவர் தோளில் இருந்தது.

பானு ஓடிவந்து ஜோதியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பாய் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். ஏசுபாதம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பானுவுக்கு முன்னால் நின்றான். அவன் முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில் நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"பானு, அவர்கிட்ட இன்னா சொன்னே?"

"மன்னிச்சிக்குங்கண்ணே. பயத்துல..."

"மன்னிப்பு கெடக்கட்டும். இன்னா சொன்னே, அத இன்னொரு தடவ சொல்லு."

"வண்டி நின்னுபோச்சுன்னு நெனச்சேண்ணே."

"கேட்டியா பாய்?" என்று அவன் திரும்பினான். "சோழவரத்துல அத்தினி பேரு கையத் தட்டினாங்க. ஒருத்தன் இப்டிச் சொன்னானா?"

வீட்டுக்குக் கிளம்பினோம். ஜோதி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஏசுபாதம் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான். அவள் கியர் போடாமல், ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஜோதி, போலாமே?"

"இருய்யா. ஓடுதா, நின்னுபோச்சா? நீயே பாத்துச் சொல்லு."

அவன் முன்னால் குனிந்து டாஷ் போர்டில் காதை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. அவன் சொல்கிற வரைக்கும் நாங்களும் காத்திருந்தோம்.